மூன்றாவது வரிசை, இரண்டாவது பெயர்

மூத்த மருமகள் விலகுகிறாள் என்ற செய்தி வந்தபோது, சீரியல் அக்கா பதினேழாம் நம்பர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பதினாறாம் நம்பர்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவர் முழங்காலைப் படம் எடுக்க வந்தவர். சீட்டில் வலது கால் என்று எழுதியிருந்தது, அவரோ இடது காலைத் தடவிக்கொண்டு நின்றார். "எந்தக் கால் வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேஜை மேலிருந்த போன் நாலு தடவை விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'பிரபல சீரியலிலிருந்து நாயகி திடீர் விலகல்! பெரிய திரையில் வாய்ப்பா?' அக்காவுக்கு முழங்காலும் மறந்தது, டோக்கனும் மறந்தது. "ஐயோ, போயிட்டாளா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். எதிரே பெஞ்சில் காத்திருந்த பதினோரு பேரும் உள்ளே யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவின் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்துப் பெயர் பதிவதுதான் அக்காவின் உத்தியோகம். சீரியல் அக்கா என்ற பட்டம் அங்கேதான் பிறந்தது. ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்க்கிற நர்சுகளுக்குச் சீரியலைத் தினமும் பார்க்கக் கொடுத்துவைக்காது. விட்டுப்போன கதையை அக்காதான் சொல்லுவாள். கதையை மட்டும் சொன்னால் பரவாயில்லை. நடுநடுவே மாமியாரைத் திட்டி, வில்லியின் கம்மலைக் கிண்டல் பண்ணி, டைரக்டருக்கு இலவசமாக நாலு யோசனையும் சொல்லுவாள். ஒரு நர்ஸ் அதைப் போனில் பதிவு பண்ணி ஊருக்கெல்லாம் அனுப்பினாள். அப்படி ஆரம்பித்தது, இந்த நாலு வருஷத்தில் நாற்பத்தெட்டாயிரம் பேர் காது கொடுத்துக் கேட்கிற வீடியோ சேனலாக வளர்ந்துவிட்டது. சினிமாச் செய்தியும் உண்டு. எந்தப் படம் ஓடுகிறது, எந்த நடிகர் எந்த மேடையில் உளறினார் என்று எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். ஆனாலும் நாற்பத்தெட்டாயிரம் பேரும் வருவது ஏழரை மணி சீரியலுக்காகத்தான். அதை அக்காவின் கணவர் சுருக்கமாக 'ஏழரை' என்பார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் அவர். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்து வீட்டில் உட்காருகிற நேரத்தில் ஏழரை தொடங்கிவிடும்.

அக்காவுக்கு ஸ்டுடியோ என்று தனியாக எதுவும் இல்லை. எக்ஸ்ரே பிரிவில் இரண்டு அறைகள். இரண்டாவதில் இருந்த இயந்திரம் கெட்டு மூன்று வருஷமாகிறது, புதியது வருகிறது வருகிறது என்று வந்துகொண்டே இருக்கிறது. அந்த அறையின் ஈயக் கதவைச் சாத்திவிட்டால் வெளியே குண்டு விழுந்தாலும் கேட்காது. காலை எட்டு மணிக்கு, நோயாளிகள் வருவதற்கு முன்னால், அக்கா உள்ளே போய்ப் படுக்கை மேல் போனை நிறுத்தி வைத்து, முந்தின நாள் எபிசோடைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு வெளியே வருவாள். குறிப்பெல்லாம் பழைய எக்ஸ்ரே கவர்களின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். ஒரே மூச்சில் பேசுவாள், திரும்பப் பேசுகிற பழக்கம் கிடையாது.

மூத்த மருமகள் என்றால் அக்காவுக்கு உயிர். அவள் முகத்தைவிட அவள் அழுகைமேல்தான் பைத்தியம். பக்கத்து அறையில் டெக்னீஷியன் நாள் முழுக்க "மூச்சை இழுத்துப் பிடிங்க… விடுங்க" என்று சொல்லுவதைக் கேட்டுக் கேட்டு, மனிதர்கள் மூச்சு விடுகிற விதத்தைக் கவனிப்பது அக்காவுக்கு வழக்கமாகிவிட்டது. "அவ அழறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு உள்ள போகும் பாருங்க. போனது வெளியில வராது. நமக்கு இங்க நெஞ்சை அடைக்கும். அப்புறம்தான் பேச்சே வரும். இந்த ஒரு மூச்சுக்கு என்ன அவார்டு வேணாலும் கொடுக்கலாம்" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அந்த நடிகையின் பேட்டிகளில் குரல் கொஞ்சம் கீச்சென்று வேறு மாதிரி இருக்கும். யாராவது அதைக் கேட்டால், "பாவம், அழுது அழுது தொண்டை கட்டியிருக்கு, உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க" என்று வக்காலத்து வாங்கிக்கொண்டு சண்டைக்குப் போவாள். நடிகையும் ஒரு பேட்டியில் "அந்த சீனுக்கு அப்புறம் ரெண்டு நாள் எனக்குப் பேச்சே வரல" என்று சொல்லியிருந்தாள். போதாதா.

அக்காவின் ரசிகர்களில் தலையாய ஆள் ஒருத்தி உண்டு. வீடியோ ஏறின அடுத்த நிமிடம் அவளுடைய கமெண்ட் விழும். மற்றவர்கள் தூங்கி எழுந்து வருவதற்குள் ஐந்து வரி எழுதிவிட்டுப் போய்விடுவாள். அதனால் அக்கா அவளுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தாள். அவளும் கோபித்துக்கொள்ளாமல் அதையே தன் பெயராகப் போட்டுக்கொண்டாள். முகம் தெரியாது, ஊர் தெரியாது. "அந்த மூச்சைக் கவனிச்சதுக்கு நன்றி அக்கா" என்று எழுதுவாள். நடிகையைப் பாராட்டினால் இவள் எதற்கு நன்றி சொல்லுகிறாள் என்று அக்கா ஒரு நாளும் யோசித்ததில்லை.

மறுநாள் காலை அக்கா கவரில் எதுவும் எழுதிக்கொள்ளாமலே அறைக்குள் போனாள். கோபமும் துக்கமும் சேர்ந்து வாய்க்கு வந்ததெல்லாம் கொட்டியது. "போறவ நல்லா இருக்கட்டும். புதுசா ஒருத்தி வருவா. 'இனி மூத்த மருமகளாக'ன்னு படத்தைப் போட்டு ஒரு அட்டை காட்டுவீங்க, நாங்களும் பார்த்துப் பழகிக்கணும். சரி. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. அவ சொந்தக் குரல்ல பேசணும். எவளோ ஒருத்தி இருட்டு ரூம்ல நின்னு பேசிக் கொடுக்கிற வாடகைக் குரல் எங்களுக்கு வேண்டாம். வாடகைக் குரலுக்கெல்லாம் அந்த மூச்சு வராது. வந்துச்சுன்னா நான் மொட்டை அடிச்சுக்கறேன்."

அது பற்றிக்கொண்டது. ஒரே நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். 'வாடகைக் குரல் வேண்டாம்' என்று ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். சினிமாச் செய்தித் தளங்கள் அக்காவின் படத்தைப் போட்டு, 'கொதித்தெழுந்த சீரியல் அக்கா' என்று தலைப்பிட்டன. படத்தில் அக்காவின் தலைக்குப் பின்னால் ஒரு நெஞ்சுக்கூடு தொங்கியது. வியாழக்கிழமை டிவி சேனல்காரர்களே அறிவித்துவிட்டார்கள்: 'ரசிகர்களின் விருப்பத்திற்கிணங்க, திங்கள் முதல் புதிய மூத்த மருமகள் சொந்தக் குரலில்!' அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. டெக்னீஷியன் டீ வாங்கிக் கொடுத்தாள். இவளும் அக்கா வயதுக்காரிதான், பன்னிரண்டு வருஷச் சிநேகிதி. "இனிமே நீ சொன்னா ஆட்சியே மாறும்டி" என்றாள்.

எல்லாம் சரியாக இருந்தது, முந்திரிக்கொட்டையைத்தான் காணோம். செவ்வாயும் வரவில்லை, புதனும் வரவில்லை. வியாழக்கிழமை வெற்றி வீடியோவுக்குக் கீழே ஆயிரத்துச் சொச்சம் கமெண்ட் இருந்தும், அந்த ஒன்று இல்லாதது அக்காவுக்கு என்னவோபோல் இருந்தது. உடம்புக்கு ஏதாவதோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சாப்பாட்டு வேளையில், "என்ன முந்திரிக்கொட்டை, ஆளையே காணோம்?" என்று எழுதி அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. எப்போதும் எழுத்தில் வருவது, இன்றைக்குக் குரலில் வந்திருந்தது.

அக்கா இரண்டாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் அதைத் தட்டினாள்.

முதலில் ஒரு மூச்சு உள்ளே போனது.

"அக்கா, நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன். உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க சொன்னீங்களே, அந்த வாடகைக் குரல், அது நான்தான். நாலு வருஷமா மூத்த மருமகளுக்கு நான்தான் பேசறேன். இதை உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். திட்டிட்டீங்கன்னு வருத்தமில்ல. இத்தனை நாளா நீங்க பாராட்டினதெல்லாம் எனக்குத்தான்னு நானா எடுத்துக்கிட்டேன். அப்போ இதையும் நான்தானே எடுத்துக்கணும். திங்கட்கிழமையிலிருந்து நான் இல்ல. அந்தப் புதுப் பொண்ணு சின்னப் பொண்ணு, பார்த்துத் திட்டுங்க. வச்சிடறேன்."

அக்காவுக்கு முதலில் தோன்றியது, நடிகைதான் யாரோடோ சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறாள் என்று. ஏனென்றால் பேசியது மூத்த மருமகளேதான். கோர்ட்டில் குழந்தையைக் கேட்டு அழுதவள், மாமனார் காலில் விழாமல் நின்றவள், அவளே போனுக்குள்ளிருந்து 'அக்கா' என்கிறாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. பேயறைந்த மாதிரி வெளியே வந்த அவளைப் பார்த்து டெக்னீஷியன் பயந்துபோய், "என்னடி, யாருக்கு என்ன?" என்றாள்.

"ஏழரை முடிஞ்சதும் கடைசியில எழுத்து ஓடுமே, பார்த்திருக்கியா?"

"அதை எவ பார்ப்பா. அப்பதானே அடுப்பைப் பார்க்க எந்திரிக்கிறோம்."

அக்காவும் அப்படித்தான். ஆயிரத்து நூற்று நாற்பது எபிசோடையும் கண் கொட்டாமல் பார்த்தவள், கடைசி எழுத்து வந்ததும் ரிமோட்டைத் தேடுவாள். இப்போது இரண்டு பேரும் போனை வைத்துக்கொண்டு பழைய எபிசோடு ஒன்றின் கடைசி நிமிடத்தை ஓடவிட்டார்கள். எழுத்துகள் தலைதெறிக்க ஓடின. அக்கா நிறுத்துவதற்குள் உடை, ஒப்பனை எல்லாம் போய் வாகன ஓட்டுநர்கள் வந்துவிட்டார்கள். "கொடு இங்க, இது உன் வேலையில்ல" என்று டெக்னீஷியன் வாங்கினாள். தலைமயிர் அளவு விரிசலைப் படத்தில் தேடிப் பிடிக்கிறவள் அவள். விரலால் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினாள். 'பின்னணிக் குரல்' என்று போட்டு ஆறு பெயர்கள். மூன்றாவது வரிசையில் இரண்டாவதாக ஒரு பெயர். முந்திரிக்கொட்டையின் கணக்கில் மூலையில் சின்னதாக இருக்கிற அதே பெயர். அக்கா அதையும் இதுவரை படித்ததில்லை.

"நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்டி" என்றாள் அக்கா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாய்ச் சவடாலில் ஒரு மனுஷியின் பிழைப்பில் கை வைத்துவிட்டோம், அதுவும் நாலு வருஷமாகத் தன் வாயாலேயே கொண்டாடிய ஆளை, என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் பஸ்ஸுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக் காம்பவுண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்து போன் பண்ணினாள். எடுத்தது அதே குரல். என்ன சொல்லுவது என்று தெரியாமல், "எனக்கு உங்க வயசுகூடத் தெரியாது" என்றாள்.

"அம்பத்தஞ்சு."

"அட ஆண்டவா. எனக்கு நாப்பத்தாறுதான். நான்தான் உங்களை அக்கான்னு கூப்பிடணும்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. மூத்த மருமகள் இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை, கதையில் அவளுக்கு அதற்கு வாய்ப்பே தரவில்லை. பிறகு அந்த அம்மா நிதானமாகப் பேசினார். வாரத்தில் இரண்டு நாள் போவார். சின்ன அறை, முன்னால் திரை, ஒரு மைக். கதை என்னவென்று முன்கூட்டித் தெரியாது, அங்கே போய்த்தான் தெரியும். அழுகிற காட்சி என்றால் ஒரு துவாலையை மடித்து வயிற்றில் வைத்து அழுத்திக்கொள்ளுவார். அந்த மூச்சை யாரும் சொல்லித்தரவில்லை. நடிகை கிளிசரின் எரிச்சலில் அழுவதற்கு முன் ஒரு விநாடி சும்மா நிற்பாளாம், அந்த ஒரு விநாடியை எதைக்கொண்டாவது நிரப்ப வேண்டுமே என்று ஆரம்பித்ததாம்.

"ஸ்டுடியோல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஓகேன்னு சொல்லுவாங்க, அடுத்த சீன் போடுவாங்க. மறுநாள் காலையில நீங்க சொல்லுவீங்க, அந்த மூச்சைப் பாருங்கன்னு. அதைக் கேக்கறதுக்குத்தான் அஞ்சரைக்கே எந்திரிச்சு எட்டு மணிக்காகக் காத்துட்டிருப்பேன்."

"நான் அவங்க பேரைச் சொல்லித்தானே…"

"யார் பேரைச் சொன்னா என்ன. எனக்குத் தெரியுமே."

அந்த அம்மா மேலே பேசினார். "எனக்கு இதுல ஒரே வருத்தம் என்னன்னா, வீட்ல நான் ஒருத்திதான். நாள் முழுக்க வாய் திறக்க ஒரு காரணம் இருக்காது. அந்த ரூம்லதான் சத்தமா பேசுவேன், சண்டை போடுவேன், பிள்ளையக் கொஞ்சுவேன். வேற சீரியலும் இப்போ கையில இல்ல. திங்கட்கிழமையிலிருந்து யாரோட பேசறதுன்னு ஒரு யோசனை. அவ்வளவுதான்."

"நான் எல்லாரும் கேக்கற மாதிரி சொல்றேன். நான்தான் தப்புன்னு சொல்றேன்."

"வேண்டாம்மா. போன பொண்ணு பேர் கெடும். வர்ற பொண்ணும் பாவம். உங்களையும் நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் உதறல்தான்.

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டார். அக்கா சட்டியைத் தேய்த்த வேகத்தைப் பார்த்தே விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டு, ஏழரையை அவரே அணைத்துவிட்டிருந்தார். "நாப்பத்தெட்டாயிரம் பேர் முன்னாடி போய், நாலு வருஷமா தெரியாம பேசிட்டேன்னு எப்படிங்க சொல்றது? அப்புறம் நான் எதைச் சொன்னாலும் சிரிக்க மாட்டாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"இதுல என்ன வெட்கம்? கல்யாணமான நாள்லருந்து நான் வாரத்துக்கு ரெண்டு தடவை அதைத்தானே உன்கிட்ட சொல்லிட்டிருக்கேன்" என்றார் அவர். பிறகு, சிரிக்காமல், "லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா, யார் தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம். முதல்ல கதவைத் திறக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, தன் சேனல் தொடங்கின நாளிலிருந்து முதல் தடவையாக, அக்கா திரும்பத் திரும்பப் பேசினாள். முதல் தடவை பேசியது முழுக்கச் சாக்குப்போக்காக இருந்தது. அழித்தாள். இரண்டாவது தடவை நடிகையின் பேட்டியை இழுத்து, அவள்தான் நம்ப வைத்தாள் என்று பழியைத் தூக்கி அங்கே போட்டாள். கேட்டுப் பார்த்தபோது தனக்கே அருவருப்பாக இருந்தது. அதையும் அழித்தாள். வெளியே நோயாளிகள் சேர்ந்துவிட்டார்கள், டோக்கன் கொடுக்க ஆளில்லாமல் டெக்னீஷியனே கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அக்கா போனைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

"அந்த மூச்சு வேற ஒருத்தங்களோடது. நாலு வருஷமா நான் தப்பான ஆளைக் கொண்டாடிட்டேன். அதுகூடப் பரவாயில்ல. சரியான ஆளை வாடகைன்னு சொல்லிட்டேன். அந்த வார்த்தைய நான் திரும்ப எடுத்துக்கறேன். போன பொண்ணைத் திட்டாதீங்க, அவ முகத்தால நடிச்சா, அதுவும் நெசம்தான். வர்ற பொண்ணையும் படுத்தாதீங்க. எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. இன்னைக்கு ஏழரை முடிஞ்சதும் டிவிய அணைக்காதீங்க. எழுத்து ஓடும். நிறுத்திப் பாருங்க. மூணாவது வரிசை, ரெண்டாவது பேர்." அவ்வளவுதான் வீடியோ. ஒன்றரை நிமிடம்கூட வரவில்லை.

முதலில் வந்தது வசவுதான். பல்டி அக்கா என்று பட்டம் கட்டினார்கள். சேனல்காரன் மிரட்டிவிட்டான் என்று ஒருவன் கதை கட்டினான். மொட்டை எப்போது என்று இருநூறு பேர் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் மூவாயிரம் பேர் கழன்றுகொண்டார்கள். அக்கா டோக்கன் கொடுத்துக்கொண்டே போனைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போனாள். 'வேண்டாம்னு சொன்னேனே அக்கா' என்று ஒரு வரி அனுப்பியிருந்தார் அந்த அம்மா. இந்த வயசிலும் பழக்கம் விடவில்லை.

ராத்திரி எட்டு மணிக்குப் படங்கள் வர ஆரம்பித்தன. ஒரு சமையலறை அலமாரி மேல் வைத்த குட்டி டிவியில் நிறுத்திய எழுத்து. பெட்டிக்கடை டிவியில் பாதி மறைந்த எழுத்து, மறைத்துக்கொண்டிருந்த ஆளின் தலையோடு. நர்சுகளின் ஓய்வறையிலிருந்து ஒன்று, ஆறு பேர் அந்தப் பெயரைச் சுட்டிக்காட்டிக்கொண்டு. நிறையப் படங்கள் கலங்கலாக இருந்தன. ஒருவர் தவறுதலாக வாகன ஓட்டுநர் பெயரை வட்டம் போட்டு அனுப்பி, அவரையும் வாழ்த்தியிருந்தார். இரண்டாயிரம், ஐயாயிரம் என்று போய்க்கொண்டே இருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டதுகூட அவளுக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை டிவி சேனலிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்த அம்மா போன் பண்ணினார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார், படியேறி வந்திருக்கிறார். ஸ்டுடியோவிலிருந்து கூப்பிட்டார்களாம். திங்கட்கிழமை எபிசோடைப் பேசிக் கொடுத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைகிறாராம்.

"அந்தப் பொண்ணு உள்ளதான் உட்கார்ந்திருந்தா. மூஞ்சியெல்லாம் வீங்கிப்போயிருக்கு. மூணு நாளா அழ வச்சிருக்காங்க. 'ஆன்ட்டி, எனக்கு அழுகை வரல, விக்கல் மாதிரி வருது, நீங்களே பேசிடுங்க'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. நல்ல பொண்ணு. கண்ணு பேசுது அவளுக்கு."

"அப்போ இனிமே நீங்கதானா?"

"அதெல்லாம் யாரும் சொல்லல. நாளைக்கு எபிசோடுக்கு மட்டும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் பார்க்கலாம்னாங்க."

அக்காவுக்கு அது போதவில்லை, ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ. "நாளைக்கு ஏழரைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. சேர்ந்து பார்க்கலாம்" என்றாள். "நான் இதுவரைக்கும் யாரோடயும் சேர்ந்து பார்த்ததில்ல" என்றார் அந்த அம்மா. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஏழு பத்துக்கெல்லாம் மணி அடித்தது. குரலை வைத்து அக்கா மனசுக்குள் ஒரு நெட்டையான, ஒடிசலான பெண்மணியைக் கட்டி வைத்திருந்தாள். வாசலில் நின்றவர் குட்டையாக, பருமனாக, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கவர் நிறைய ஆப்பிளோடு இருந்தார். இரண்டு பேருக்கும் கட்டிப்பிடிப்பதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஆப்பிளை வாங்கிக்கொண்டது மட்டும்தான் நடந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்து அந்த அம்மா, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். மூத்த மருமகளே வீட்டுக்கு வந்து தண்ணி கேட்ட திகைப்பில் கணவர் எழுந்து சமையலறைக்கு ஓடினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் யாருக்காகவும் அந்த வேகத்தில் எழுந்து அக்கா பார்த்ததில்லை.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இவர்கிட்ட கேட்டேன், பாதி கிளாஸ்தான் வந்துச்சு" என்றாள் அக்கா. அந்த அம்மா சிரித்தார். சிரித்ததும் எல்லாருக்கும் கொஞ்சம் இயல்பு வந்தது.

ஏழரை தொடங்கியது. பழைய கதைச் சுருக்கம் ஓடி முடிந்ததும் திரை ஒரு நொடி இருண்டது. பிறகு, எல்லாரும் எதிர்பார்த்த அட்டை வந்தது. 'இனி மூத்த மருமகளாக' என்று போட்டு, கை கூப்பியபடி அந்தப் புதுப் பெண்ணின் படம், கீழே அவள் பெயர். அக்கா அவள் முகத்தை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். கண் நன்றாகத்தான் இருக்கிறது. அட்டை போய்விடும் என்று நினைத்தார்கள், போகவில்லை. புதுப் பெண்ணின் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், இன்னொரு வரி மெல்ல மேலேறி வந்தது. 'குரல்' என்று போட்டு ஒரு பெயர். ஒரே ஒரு பெயர்.

கணவர் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அக்கா சந்தோஷத்தில் பக்கத்திலிருந்த அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுந்து டிவிக்கு அருகே போய், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தன் பெயரைத் தானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். அதற்குள் அட்டை மறைந்தது.

திரையில் வீட்டு வாசல். புதுப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். மாமியார், நாத்தனார், கொழுந்தன் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஒரு விநாடி சும்மா நின்றாள். அந்த அம்மா இன்னும் டிவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், திரையின் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தது. புதுப் பெண் வாயைத் திறந்தாள். இங்கே அந்த அம்மாவின் உதடுகளும் அதே நேரத்தில் சத்தமில்லாமல் அசைந்தன, சொல்லுக்குச் சொல் பிசகாமல். கணவர் டிவியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் டிவியைப் பார்த்தார்.